விழக் கூடாத நம்பர்

ஊரே தன் நம்பர் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த காலத்தில், ஐயோ விழுந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்ட ஒரே ஜீவன் நம் இஸ்திரியக்காதான். செவ்வாயும் வெள்ளியும் குலுக்கல். அந்த இரண்டு நாளும் சாயங்காலம் சலவைக் கடையிலிருந்து திரும்பும்போது, லாட்டரிக் கடை முன்னால் அவள் கால் தானாக நின்றுவிடும். கடைக்காரர் வாசல் பலகையில் ஆறு எண்களைச் சாக்பீஸால் எழுதுவார். சுமைதூக்கிகள், வண்டிக்காரர்கள், வீட்டுவேலை முடிந்து வரும் பெண்கள் எல்லாரும் கையில் சீட்டோடு அண்ணாந்து பார்ப்பார்கள். எழுதி முடித்ததும் எல்லார் வாயிலிருந்தும் 'ப்ச்' என்று ஒரு சத்தம் வரும். இவள் வாயிலிருந்து மட்டும் 'அப்பாடா' என்று வரும். ஒருமுறை பக்கத்தில் நின்ற பெரியவர், "என்னம்மா, விழுந்துருச்சா?" என்று ஆசையாகக் கேட்டார். "இல்லீங்க, விழல" என்றாள் சிரித்த முகத்தோடு. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு பால் பாக்கெட். அதைச் சொல்வதற்கு முன்னால் அவள் வேலையையும் அவள் வீட்டுக்காரரையும் சொல்லிவிட வேண்டும்.

வேலை, அகலத் தெருவில் இருக்கிற சலவைக் கடையில். அந்தத் தெருவில் வங்கி உண்டு, பல் டாக்டர் உண்டு, நாய்க்கு முடி வெட்டிவிடுகிற கடைகூட உண்டு. லாட்டரிக் கடை மட்டும் கிடையாது. அவள் குடியிருக்கிற வரிசை வீட்டுத் தெருவிலோ மருந்துக் கடை ஒன்றுகூட இல்லை, லாட்டரிக் கடை மூன்று. "அது எப்படிடி?" என்று மகளிடம் ஒருநாள் கேட்டாள். கல்லூரி முதல் வருஷம் படிக்கிற பெண், வாய் கொஞ்சம் நீளம்.

"அங்க இருக்கறவங்களுக்கு ஏற்கெனவே விழுந்தாச்சும்மா. இனிமே எதுக்கு அவங்களுக்குச் சீட்டு?" என்றாள்.

கடையில் அவளுக்குக் காலையில் முதல் வேலை, பாக்கெட்டில் கைவிடுவது. துணி மெஷினுக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு பையாகத் துழாவ வேண்டும். பேனா, பல்குச்சி, சாவி, சில சமயம் நோட்டுக்கூட இருக்கும். கிடைத்ததை ஒரு கவரில் போட்டு பில்லோடு சேர்த்துக் குத்திவிட வேண்டும். அதற்கப்புறம்தான் இஸ்திரி மேஜை. பில், ரசீது, லாட்டரிச் சீட்டு எல்லாம் இப்போது ஒரே வழவழக் காகிதம். மையால் அச்சடிப்பதில்லை, சூட்டால் அச்சடிக்கிறார்கள். இஸ்திரிப் பெட்டி பட்டால் முழுக்கக் கருத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டாக்டரம்மாவின் கோட்டுப் பையில் இருந்த ரசீதை அப்படிக் கருக்கி, முதலாளியம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதிலிருந்து பாக்கெட் விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

ஒருநாள் வக்கீல் ஒருவரின் கால்சட்டையில் லாட்டரிச் சீட்டு கிடைத்தது. அவர் துணி எடுக்க வந்தபோது முதலாளியம்மா கவரை நீட்டினார்.

"அட, இதுவா? பெட்ரோல் போட்ட இடத்துல சில்லறை இல்லேன்னு குடுத்தான். நீங்களே தூக்கிப் போட்டுடுங்க."

"விழுந்துச்சா இல்லையான்னு பார்த்தீங்களா சார்?" என்று இஸ்திரியக்கா உள்ளே இருந்தே கேட்டுவிட்டாள்.

"அதையெல்லாம் யாரும்மா உக்காந்து பார்க்கறது" என்று சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார்.

அவளுக்கு அது மனசில் தைத்தது. பார்க்கக்கூட மாட்டாராம். இவள் வீட்டில் ஒரு மனுஷர் வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் உயிரோடு இருக்கிறார், மற்ற நாளெல்லாம் அந்த இரண்டு நாளுக்காகக் காத்துக்கிடக்கிறார்.

அந்த மனுஷர் பெயிண்டர். வேலையில் குறை சொல்ல முடியாது. சுவரை அவர் தேய்த்து மட்டம் பண்ணி இரண்டு கோட்டிங் அடித்தால், கையால் தடவிப் பார்க்கத் தோன்றும். அடித்ததெல்லாம் அகலத் தெரு மாதிரி இடங்களில். அந்த வக்கீல் வீட்டு ஹாலுக்குக்கூட அவர்தான் அடித்தார், காலை வெயில் மாதிரி ஒரு மஞ்சள். ஒவ்வொரு வீடு முடிந்ததும் டப்பாவின் அடியில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். கட்டிலுக்கு அடியில் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருந்தார். "இது நம்ம ஹாலுக்கு. இந்த நீலம் பொண்ணு ரூமுக்கு. இது சமையல்கட்டுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு துடைச்சா போயிடும்." ஹாலும் இல்லை, பொண்ணு ரூமும் இல்லை. இருந்தது ஒரே அறை, ஒரு மூலையில் அடுப்பு, சுவரெல்லாம் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. இந்தச் சுவருக்குத்தான் அடியுங்களேன் என்று அவள் கேட்டால், "வீட்டுக்காரன் சுவருக்கு ஓசியில அடிச்சுக் குடுக்க நான் என்ன இளிச்சவாயனா?" என்பார்.

வீடு வரப்போவது லாட்டரியில். அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. கடைக்காரர் கொடுக்கிற ஏதோ ஒரு நம்பரை வாங்குகிற ஆள் இல்லை அவர். ஆறு எண்ணும் அவரே பொறுக்கியது. நாலு, குடியிருக்கிற அறையின் கதவு எண். பதினொன்று, கல்யாணத் தேதி. பத்தொன்பது, மகள் பிறந்தது. இருபத்திரண்டு, பெண்டாட்டி பிறந்தது. இருபத்தேழு, அவர் முதன்முதலாகப் பிரஷ் பிடித்த நாள். முப்பத்தாறு, விற்றுத் தின்ற மொபெட்டின் கடைசி இரண்டு எண்.

"நான் பொறந்தது இருபத்திரெண்டுன்னு யார் சொன்னது?" என்று அவள் ஆரம்பத்திலேயே கேட்டாள்.

"உன் சர்டிபிகேட்ல இருக்கே."

"அது ஸ்கூல்ல சேர்க்கறப்போ வாத்தியார் வாய்க்கு வந்த தேதி. எங்கம்மாவுக்கு மழைக்காலம்னு மட்டும்தான் தெரியும். பொய்த் தேதியைப் போட்டா எப்படிங்க விழும்?"

"கவர்மெண்டே ஒத்துக்கிச்சு, லாட்டரி ஒத்துக்காதா?" என்றார் பெயிண்டர்.

மகள் பிறந்த வருஷத்திலிருந்து அதே ஆறு எண். வாங்கின சீட்டைப் பிரித்துப் பார்க்க மாட்டார். வாங்கினவன் கண் பட்டால் விழாதாம். நாலாக மடித்து, சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். எண்கள்தான் மனப்பாடமாயிற்றே, குலுக்கல் முடிந்ததும் பிரிக்காமலே கிழித்துப் போடுவார். விட்டுத் தொலையுங்கள் என்று அவளும் சொல்லாத நாள் இல்லை, சண்டை போடாத வாரம் இல்லை. அவர் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"நிறுத்தினா மறுநாளே விழும்டி. இத்தனை வருஷம் போட்டுட்டு, விழற நாள்ல நம்ம கையில சீட்டு இல்லேன்னா, அப்புறம் நான் மனுஷனா நடமாட முடியுமா?"

பைத்தியக்காரத்தனம் என்றுதான் அவள் நினைத்தாள். அன்றைக்கு அவளுக்கு அது புரியவில்லை.

மழைக்காலத்தில், மூன்றாவது மாடி வெளிச்சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தபோது சாரத்துப் பலகை வழுக்கிவிட்டது. உயிர் போகவில்லை, தொடை எலும்புதான் போனது. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு முதல் பில்லைக் கட்டினார், இரண்டாவது பில்லுக்குப் போனை எடுக்கவில்லை. பெயிண்டர் கட்டிலோடு கட்டிலானார். வீட்டில் வருமானம் என்று இருந்தது இஸ்திரிப் பெட்டி ஒன்றுதான். முதலில் முட்டை நின்றது, அப்புறம் காய் நின்றது, அப்புறம் பால் நின்றது. மகள் இரண்டு பஸ்ஸில் போவதை விட்டுவிட்டுப் பாதி தூரம் நடந்தாள்.

அந்த நிலையிலும் முதல் செவ்வாய்க்கிழமை தலையணைக்கு அடியிலிருந்து சீட்டுக்கான காசை எடுத்து நீட்டினார்.

"மறந்துராதே. நம்பர் தெரியுமில்ல?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடச் சொல்லுவேன்."

லாட்டரிக் கடை வரை போனாள். பக்கத்துக் கடையில் பால் பாக்கெட்டுகள் ஐஸ்பெட்டிக்குள் அடுக்கியிருந்தன. கொஞ்ச நேரம் இங்கேயும் அங்கேயும் பார்த்தாள். மருந்து சாப்பிடுகிற மனுஷர், வெறும் வயிற்றில் கறுப்பு டீயைக் குடித்துவிட்டு நெஞ்சு எரிகிறது என்று புரண்டுகொண்டிருக்கிறார். அவள் பாலை வாங்கினாள். கைப்பையில் கடையில் ரத்தான பில் ஒன்று கிடந்தது, அதே வழவழக் காகிதம். அதை நாலாக மடித்துக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகினாள். அவர் கட்டிலில் இருந்தபடி அதைப் பார்த்தார், திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் பால் ஊற்றிய டீயைக் குடித்துவிட்டு, "இன்னைக்குத்தான் டீ டீயா இருக்கு. பால் ஏது?" என்றார்.

"கடைல மிச்சமிருந்துச்சு, முதலாளியம்மா குடுத்தாங்க."

மறுநாள் பலகையைப் பார்க்கும் வரை அவளுக்குப் பயம் என்பதே இல்லை. பலகையில் முந்தின நாள் எண்கள் அழியாமல் இருந்தன. அதில் முதலில் இருந்தது நாலு. மீதியை வாய்விட்டுப் படித்தாள். மீதி ஐந்தும் வேறு என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தாள். நிறுத்தினா மறுநாளே விழும் என்று அவர் வருஷக்கணக்காகச் சொன்னது அப்போதுதான் அவள் காதில் ஏறியது. இனி ஒழுங்காக வாங்கிவிடுவோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை மாத்திரை தீர்ந்திருந்தது. அடுத்த செவ்வாய் மகளுக்குச் செருப்பு அறுந்துவிட்டது. அதற்கடுத்த வாரம், பாலுக்குப் பழகிவிட்ட மனுஷரிடம் பால் இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. அந்தக் காசு கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக் காசாகிவிட்டது. கடிகாரத்துக்குப் பின்னால் சலவைக் கடை பில் மாறி மாறி உட்கார்ந்தது.

ஒரே ஒரு ஆறுதல் அவளுக்கு. ஆறில் ஒன்று பொய்த் தேதி. பொய் எப்படி விழும்? ஐந்து வேண்டுமானால் விழட்டும், ஆறும் விழாது. இதையே சொல்லிச் சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அந்த ஆறுதலிலும் ஒரு வெள்ளிக்கிழமை மண் விழுந்தது. கடைக்காரர் எழுத எழுத அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நாலு. பதினொன்று. அடுத்தது பதினாறு என்று எழுதியபோது உயிர் வந்தது. அப்புறம் இருபத்திரண்டு. முப்பத்தாறு. கடைசியில் நாற்பது. ஆறில் நாலு. பொய்த் தேதியும் சேர்த்து. நாலு விழுந்தால் பரிசு உண்டு. பெரிய பரிசு இல்லை, ஆனால் அவள் மாசச் சம்பளத்தில் பாதி.

வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே உள்ளேயிருந்து சத்தம் கேட்டது.

"வா வா, கதவைச் சாத்து. பார்த்தியா? நாலுடி. போன்ல பார்த்தேன். உன் இருபத்திரெண்டும் விழுந்திருக்கு. பொய்த் தேதின்னியே, இப்ப என்ன சொல்றே?"

கட்டிலில் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து தானாக எழுந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். முகம் அப்படியே மலர்ந்து கிடந்தது. அவள் கடிகாரத்துக்குப் பின்னால் இருந்த காகிதத்தை முதலில் எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"குடு, ஒரு தடவை கண்ணால பார்த்துக்கறேன்."

அடுப்பு பக்கத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது. கை தவறியது மாதிரி காகிதத்தை அனலில் காட்டினால் போதும், கருத்துவிடும். ஐயோ போச்சே என்று இரண்டு நாள் அழுவார்கள், மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சூட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? கை அடுப்பு வரை போனது. அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கரியைப் பூச அவளால் முடியவில்லை.

"ஆறும் விழட்டும், அப்ப பாருங்க. நாலுக்கே பார்த்துட்டா மிச்சம் ரெண்டு வராம போயிடும்" என்றாள்.

அவர் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. "அதுவும் சரிதான். நாளைக்குக் காலைல மொத வேலையா மாத்திக்கிட்டு வந்துடு."

மறுநாள் அவள் முதலாளியம்மா முன்னால் போய் நின்றாள். கல்லாவுக்குப் பின்னால் முதலாளியம்மாவின் மகன் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அட்வான்ஸா? இப்பத்தானே ஆஸ்பத்திரிக்கு வாங்கினே?"

"அவர் காலுக்குத்தாம்மா. ரொம்ப அவசரம்."

"தர்றேன், சம்பளத்துல பிடிச்சுக்கறேன். ஆனா லாட்டரி கீட்டரின்னு தொலைச்சுடாதீங்க. உங்க பக்கத்து ஜனங்களுக்கு அதானே வியாதி. உழைக்கிற காசு ஒட்டவே மாட்டேங்குது."

"அம்மா, நேத்து ஒரே நாள்ல ஷேர்ல எவ்வளவு போச்சு தெரியுமா?" என்றான் மகன், தலை நிமிராமல்.

"போனது வரும்டா, பொறுமையா இரு. இன்னும் கொஞ்சம் போட்டு வை" என்றார் முதலாளியம்மா. பணத்தை எண்ணி அவள் கையில் வைத்தார். இஸ்திரியக்கா அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். கொடுத்த கையைக் கும்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

பெண்டாட்டி தன் சம்பளத்தில் கடன் வாங்கி, லாட்டரிக்குப் பதில் தானே பரிசு கொடுத்த கதை எந்த ஊரிலாவது உண்டா? இவள் கொடுத்தாள். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அத்தோடு விட்டாரா? வரிசை வீடு முழுக்க டீயும் பிஸ்கெட்டும் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறைக்குள் உட்கார இடமில்லை. பக்கத்து அறை ஆட்டோக்காரர் வந்தார், எதிர் அறைத் தையல்காரம்மா வந்தாள், அவரவர் பிள்ளைகளும் வந்தன.

"நம்பர் என்னண்ணே, நமக்கும் சொல்றது?" என்றார் ஆட்டோக்காரர் டீயை ஊதிக்கொண்டே.

"இதுல என்ன ரகசியம்? எழுதிக்கங்க" என்று பெயிண்டர் ஆறு எண்ணையும் வாரி வழங்கினார். "நாலு வந்தாச்சு. ஆறு வர ரொம்ப நாள் ஆகாது."

செவ்வாய்க்கிழமை குழாயடியில் தையல்காரம்மா குடத்தை வைத்துவிட்டு இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் போட்டுட்டேன்க்கா, உங்க நம்பரை. ஆட்டோக்காரரும் போட்டுட்டாரு. கடைசி அறைப் பாட்டிகூட ஆள் விட்டு வாங்கிட்டாங்க. விழுந்தா எல்லாருக்கும் சேர்ந்துதான் விழும். எல்லாரும் ஒரே இடமா வாங்கி வீடு கட்டிக்கலாம். அங்கயும் நீங்கதான் எனக்கு எதிர்வீடு, சொல்லிட்டேன்."

இஸ்திரியக்காவுக்குக் குடம் நிரம்பி வழிந்தது தெரியவில்லை. ஆறும் விழுந்தால் இந்த வரிசை மொத்தமும் எழுந்து போய்விடும். ஆட்டோக்காரர் போவார், தையல்காரம்மா போவாள், பல் இல்லாத பாட்டி போவாள். நம்பருக்குச் சொந்தக்காரர் மட்டும் உதிர்கிற சுவரைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் கிடப்பார். கடிகாரத்துக்குப் பின்னால் யாரோ ஒரு டாக்டரம்மாவின் புடவை பில் இருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் அவள் சீட்டு வாங்கினாள். உண்மையான சீட்டு. கடைக்காரர், "என்னம்மா, ரொம்ப நாளா உங்க வீட்டுல யாரும் சீட்டே வாங்கலையே?" என்று கேட்டபோது, காது கேட்காதவள் மாதிரி காசை வைத்துவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் ஒரு குலுக்கலையும் அவள் விடவில்லை. அட்வான்ஸ் சம்பளத்தில் கழிந்துகொண்டிருந்தது. அதை ஈடுகட்ட ராப்பகலாக வரிசை வீட்டுத் துணிகளையும் வாங்கி வீட்டிலேயே தேய்த்துக் கொடுத்தாள். பால் மறுபடி நின்றது. மகள் அம்மாவின் முகத்தை அடிக்கடி பார்த்தாள்.

பெயிண்டர் தடி ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் முதலில் போன இடம் லாட்டரிக் கடைதான். அது ஒரு செவ்வாய்க்கிழமை. வேலை விட்டு அவள் வந்தபோது கட்டில் நுனியில் தடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கடைக்காரர் ஒரு விஷயம் சொன்னார்" என்றார்.

அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள். மாட்டிய கையை எடுக்கவில்லை.

"அவர் கடையில யாருக்கும் நாலு விழவே இல்லையாம். விழுந்திருந்தா போர்டுல எழுதிப் போட்டிருக்க மாட்டேனாங்கறார். இந்த வரிசையே வந்து சீட்டு வாங்குது, வியாபாரத்தை ஏன் கெடுத்துக்கணும்னு வாயை மூடிக்கிட்டாராம்." தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "ரொம்ப நாள் நீ சீட்டே வாங்கலையாமே."

"பால் வாங்கினேன்."

"நான் அதைக் கேக்கல."

"மாத்திரை வாங்கினேன். பொண்ணுக்குச் செருப்பு வாங்கினேன்."

"அப்ப அந்தப் பரிசுப் பணம்?"

"அட்வான்ஸ்."

"உன் சம்பளத்துலயா?"

"ஆமா."

"ஊருக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்தேனே. அதுவும் உன் சம்பளத்துலயா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல."

"அன்னைக்கு உங்க மூஞ்சியை நீங்க பார்க்கல. நான் பார்த்தேன்" என்றாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

கத்துவார் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகத்துக்கு அடியில் என்றைக்கும் இருக்கிற பெயிண்ட் கறை, இந்தச் சில மாதங்களில் வளர்ந்து வெட்டி வளர்ந்து வெட்டி இல்லாமலே போய்விட்டது. கை வெளுத்துக் கிடந்தது. கடைசியில் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வாங்கின சீட்டுக்கு இத்தனை வருஷத்துல ஒரு டீக்காசு வந்ததில்ல. வாங்காத சீட்டுக்கு வந்திருக்கு. இதுக்கு மேல ஒருத்தன் எனக்கு எப்படி எடுத்துச் சொல்லணும்?"

"கோவமா சொல்றீங்களா?"

"கோவமில்லடி. போதும். விட்டுட்டேன். நீயும் வாங்கக் கூடாது. அந்தக் காசுக்குப் பால் வாங்கு."

மகள் பிறந்ததிலிருந்து இந்த வார்த்தைக்காகத்தான் அவள் தவம் கிடந்தாள். "சரிங்க" என்றாள். அன்றைக்குக் குலுக்கலில் அந்த எண்களில் ஒன்றுகூட விழவில்லை என்று ஆட்டோக்காரர் வாசலில் சலித்துக்கொண்டது கேட்டது. அவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்தால் அறைக்கு வெளியிலேயே பெயிண்ட் வாசனை அடித்தது. சாமானெல்லாம் நடுவில் குவிந்து கிடந்தது, கடிகாரம் கட்டில் மேல் கிடந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த டப்பாக்கள் வாய் திறந்து வரிசையாக நின்றன. முக்கால்வாசி காய்ந்து ஆடை கட்டி, கட்டியாகிப் போயிருந்தன. தேறியது இரண்டு மூன்றுதான். பெயிண்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடி சுவரின் கீழ்ப்பாதியை அடித்துக்கொண்டிருந்தார். மகள் முக்காலியில் ஏறி மேல்பாதியை அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே பக்கமா இழு. மேல கீழ மேல கீழன்னு பூனைக்கு மை தடவற மாதிரி தடவாதே" என்று அவளை விரட்டிக்கொண்டிருந்தார்.

வக்கீல் வீட்டு ஹாலின் மஞ்சள் அது. ஒரு சுவருக்குத்தான் வந்திருந்தது.

"வீட்டுக்காரன் சுவர்னு சொல்வீங்களே" என்றாள்.

"இருக்கறது இதுதானே" என்றார் பெயிண்டர், திரும்பாமல்.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த மஞ்சளைத் தொட்டுப் பார்க்கலாமா என்று நின்றாள். அந்த நேரம் பார்த்து ஆட்டோக்காரர் வாசலில் தலையை நீட்டினார்.

"அண்ணே, நம்ம நம்பர் போட்டாச்சா? நாங்க எல்லாரும் போட்டுட்டோம். குலுக்கலுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"நான் விட்டுட்டேன்பா. நீங்க போடுங்க."

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? உங்க நம்பராச்சே."

"இப்ப உங்க நம்பர்தான்" என்றார் பெயிண்டர். பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்தார். முகத்தில் ஒரு கவலையும் இல்லை. ஆட்டோக்காரர் பாவம் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கவலையெல்லாம் இவளிடம் வந்து சேர்ந்துவிட்டது. நிறுத்தினா மறுநாளே விழும். அதைச் சொன்னவர் மறந்துவிட்டு மஞ்சள் அடித்துக்கொண்டிருக்கிறார். அவள் பிறந்த தேதி, அவள் பெற்ற பெண்ணின் தேதி, அவள் கல்யாணத் தேதி எல்லாம் எதிர் அறையில் இருக்கிறது, பக்கத்து அறையில் இருக்கிறது, கடைசி அறைப் பாட்டியின் சுருக்குப் பையில் இருக்கிறது. அவளிடம் மட்டும் இல்லை.

"பால் வாங்கிட்டு வரேன்" என்றாள். காசை எடுத்துக்கொண்டு செருப்பைப் போடும்போதே கால் ஓட ஆரம்பித்துவிட்டது.

லாட்டரிக் கடையில் கூட்டம். முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் போனாள். கடைக்காரர் அவளைப் பார்த்தார். விரல்களை மெஷின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"நாலு, பதினொண்ணு, பத்தொம்பது, இருபத்திரெண்டு, இருபத்தேழு, முப்பத்தாறு" என்றாள் ஒரே மூச்சில்.

சீட்டு சூடாக வந்தது. பார்க்காமல் நாலாக மடித்தாள். பால் கடைக்கு நீட்ட அவள் கையில் ஒன்றும் மிச்சமில்லை.

வீட்டில் சுவர் முடிந்திருந்தது. பெயிண்டர் களைத்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"டீ போடு. பால் கிடைச்சுதா?"

"தீந்துபோச்சாம்."

மகள் முக்காலியில் இருந்து அம்மாவையே பார்த்தாள். மூடிய கையைப் பார்த்தாள். பிறகு பிரஷ்ஷைக் கழுவுகிற சாக்கில் எழுந்து வெளியே போய்விட்டாள். கறுப்பு டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவால்ல, இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார் பெயிண்டர். பக்கத்தில் கிடந்த கடிகாரத்தைத் தூக்கி மடியில் வைத்து, அதன் முதுகில் இருந்த தூசியைத் துடைத்தார்.

"சுவர் காஞ்சதும் இதை அந்தப் பக்கம் மாட்டிடலாமா? இனிமே பின்னால ஒண்ணும் இல்லையே, எங்க வேணா மாட்டலாம்."

"ஆமா" என்றாள் இஸ்திரியக்கா.